சென்னையில் பாத் பாம்: எது சொதப்பினால் எங்கே பார்ப்பது

பாத் பாம் என்பது குளிக்கும் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் வாசனை உருண்டை. அதைச் செய்யும் குறிப்புகள் எங்கு பார்த்தாலும் கிடைக்கின்றன. பெரும்பாலானவை குளிர் நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே தேங்காய் எண்ணெய் டப்பாவில் உறைந்து கிடக்கும், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டிருக்கும், குளிக்கத் தொட்டி இருக்கும். நம்மிடம் இருப்பது பிளாஸ்டிக் பக்கெட், எப்போதும் உருகியே இருக்கும் எண்ணெய், கடல் பக்கத்துக் காற்று. குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றியவர்களுக்கும் இங்கே உருண்டை உப்புகிறது, பரு விடுகிறது, தண்ணீரில் போட்டால் சும்மா கிடக்கிறது. கீழே ஒவ்வொரு கோளாறாக எடுத்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த சில பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். முக்கால்வாசிக் கோளாறுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பாத் பாமின் உயிர் இரண்டே பொருள்: ஆப்ப சோடா, சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் இரண்டாவதை எலுமிச்சை உப்பு என்றும் கேட்கலாம். காய்ந்த நிலையில் இரண்டும் பேசாமல் சேர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் வினை தொடங்கிக் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். ஈனோ பாக்கெட்டிலும் இதே ஜோடிதான். பின்னாளில் லஷ் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன் 1989ல் இங்கிலாந்தில் பாத் பாமை உருவாக்கியபோது அவருக்கு யோசனை கொடுத்ததும் தண்ணீரில் போட்டால் பொங்கும் வயிற்று மாத்திரைதான்.

இந்த வினையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வினை நடக்க நடக்கத் தண்ணீரும் உற்பத்தியாகிறது. 100 கிராம் சிட்ரிக் ஆசிட் முழுதாக வினைபுரிந்தால் 28 கிராம் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் சோடாவையும் ஆசிடையும் கிளப்பிவிடும், அது இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் கொடுக்கும். ஆகவே உள்ளே போன ஒரு சொட்டு ஈரம் ஒரு சொட்டோடு நிற்காது. சென்னையில் அந்த முதல் சொட்டை நீங்கள் ஊற்ற வேண்டியதே இல்லை, காற்றே கொண்டுவந்து கொடுத்துவிடும்.

எனவே நான் சொல்லும் அளவில் தண்ணீரே கிடையாது. ஆப்ப சோடா 200 கிராம், சிட்ரிக் ஆசிட் 100 கிராம், வெள்ளைச் சோள மாவு (கார்ன்ஃப்ளார் என்று விற்கும் ஸ்டார்ச்) 40 கிராம், விளக்கெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 10 மில்லி, வாசனை எண்ணெய் அதிகபட்சம் 3 மில்லி. பிடிப்புக்குத் தண்ணீருக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பது. 99 சதவீதம் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர். பாரிமுனையை ஒட்டிய சவுக்கார்பேட்டை, பார்க் டவுன் பகுதிக் கெமிக்கல் கடைகளில் ஐபிஏ, சிட்ரிக் ஆசிட், வாசனை எண்ணெய் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு எரியும் சமையலறையில் வேண்டாம், சாமி விளக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

உருண்டையின் அளவும் முக்கியம். கடையில் விற்கும் 150, 200 கிராம் உருண்டை குளியல் தொட்டிக்கானது. 15 லிட்டர் பக்கெட்டுக்கும் கால் ஊறவைக்கும் பேசினுக்கும் 30 முதல் 35 கிராம் போதும். மேலே சொன்ன அளவில் பத்து உருண்டை வரும்.

எந்த நாளில் செய்யலாம் என்று பார்க்க ஈரப்பதமானி வாங்க வேண்டியதில்லை. சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சிட்ரிக் ஆசிடின் எல்லையும் ஏறக்குறைய அதுதான். உப்பு கசிகிற நாளில் பாத் பாம் செய்ய உட்காராதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலை ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். அப்போது செய்தே ஆக வேண்டுமென்றால் கதவைச் சாத்தி, ஏசியை டிரை மோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

கலக்கும்போதே பொங்குகிறது

பேசினில் கலவை மெல்ல எழும்புகிறது, கைக்குச் சில்லென்று இருக்கிறது, காதை வைத்தால் சின்னதாகச் சத்தம் கேட்கிறது. வினை தொடங்கிவிட்டது. இந்த வினை சூட்டை உள்ளே இழுத்துக்கொள்வது, அதனால்தான் அந்தச் சில்லிப்பு. ஐபிஏ ஆவியாகும்போதும் கை குளிரும், ஆனால் அப்போது மாவு எழும்பாது, குளிர்ச்சியும் உடனே போய்விடும்.

காரணம் பெரும்பாலும் கையில்தான் இருக்கும். கழுவி ஈரம் போகாத பேசின், சொட்டு நீர் தங்கிய ஸ்பூன், வியர்த்த உள்ளங்கை. கையுறை போடுங்கள். அடுத்த சந்தேகம் பன்னீர். வாசனைக்குப் பன்னீர் தெளிப்பது நமக்குப் பழக்கம், ஆனால் அது வாசனை ஏற்றிய தண்ணீர் அன்றி வேறில்லை. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் விட்ச் ஹேசல் என்ற செடிச் சாற்றிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். புட்டி உணவு நிறமும் அப்படியே. எலுமிச்சைச் சாற்றைச் சிட்ரிக் ஆசிடுக்குப் பதிலாக ஊற்றுபவர்களும் உண்டு. சாற்றில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் அமிலம், மற்றதெல்லாம் நீர். வேண்டவே வேண்டாம்.

பொங்கத் தொடங்கிய கலவையை உடனே அகலமான தாம்பாளத்தில் பரப்பி, கொஞ்சம் சோள மாவு தூவி, ஏசி அறையில் விட்டால் பாதியாவது தப்பும். அதை மறுபடி உருண்டையாக்க நினைக்காதீர்கள். காய்ந்ததும் டப்பாவில் போட்டு, கால் ஊறவைக்கும் பொடியாக வைத்துக்கொள்ளலாம்.

அச்சிலிருந்து எடுத்தால் உதிர்கிறது

கலவை காய்ந்துகிடக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை. பதம் தெரிய எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் புட்டு மாவு: பிடித்தால் பிடியும், தட்டினால் உதிரும். அதற்கு முன்னால் நிறுத்தினால் உருண்டை நிற்காது, தாண்டினால் உப்பும்.

கத்திரி வெயிலில் இந்தக் கோளாறு அதிகம். மின்விசிறிக்குக் கீழே ஐபிஏ இரண்டு மூன்று நிமிடத்தில் பறந்துவிடும். முதல் உருண்டை சரியாக வரும், ஐந்தாவது உதிரும். மொத்தக் கலவைக்கும் ஒரே தடவையில் தெளிக்காமல், நாலு உருண்டைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்துத் தெளித்துப் பிடியுங்கள். விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்தான், ஆனால் சிட்ரிக் ஆசிட் பொடி பறந்து மூக்கில் ஏறினால் வரும் இருமல் அதைவிடக் கொடுமை. முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

சிட்ரிக் ஆசிட் கல்கண்டுத் தூள் மாதிரி பரபரவென்று இருந்தாலும் பிடிப்பு வராது. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு எடுங்கள். ஜாடி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். அரைத்தவுடன் மூடியைத் திறக்காமல் தூசி அடங்கும்வரை பொறுங்கள்.

அழுத்தம் பற்றி ஒரு சொல். இரண்டு பாதி உள்ள அச்சென்றால் இரண்டையும் குவியலாக நிரப்பி நேராகச் சேர்த்து அழுத்த வேண்டும். திருகினால் நடுவில் பிளந்துவிடும். என்னைக் கேட்டால் உருண்டை அச்சே தேவையில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் பிளாஸ்டிக் கொழுக்கட்டை அச்சு இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அளவும் 30 கிராமுக்குப் பக்கத்தில் வரும், கீல் வைத்துத் திறப்பதால் உடையாமல் எடுக்கலாம். அலுமினிய அச்சை மட்டும் தவிருங்கள். ஆசிடும் சோடாவும் அலுமினியத்தை அரித்து உருண்டையில் சாம்பல் கறை விடும்.

அச்சை விட்டு வர மறுக்கிறது

கலவை ஈரம் கூடியிருக்கிறது, அல்லது அதிக நேரம் உள்ளே விட்டிருக்கிறீர்கள். அழுத்தி முடித்த ஓரிரு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க அச்சிலேயே விடுவது வறண்ட ஊர் வழக்கம். அச்சின் முதுகில் ஸ்பூனால் நாலு தட்டு தட்டுங்கள். உள்ளே எண்ணெய் தடவினால் இன்னும் ஒட்டும். சோள மாவைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். ஒவ்வொரு உருண்டைக்கு நடுவிலும் காய்ந்த துணியால் அச்சைத் துடையுங்கள், தண்ணீரில் கழுவ வேண்டாம்.

காலையில் பார்த்தால் உப்பி விரிந்திருக்கிறது, மேலெல்லாம் பரு

சென்னையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். மாலையில் வழவழப்பாக வைத்தது விடியும்போது மேல்தோலெல்லாம் கொப்புளம், சில சமயம் அடிப்பக்கம் வழிந்து தட்டோடு ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அளவு. உள்ளே ஈரம் பரவலாக இருந்தால் மொத்தமாக உப்பும், ஆங்காங்கே இருந்தால் பருவாக வரும்.

முதலில் எப்போது உப்பியது என்று பாருங்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என்றால் கலவையிலேயே ஈரம் இருந்திருக்கிறது. ஐபிஏ பாட்டிலின் லேபிளைப் படியுங்கள், 70 என்று இருக்கும். அல்லது சிட்ரிக் ஆசிட் மோனோஹைட்ரேட் வகையாக இருக்கலாம். அதில் எடையில் 8.6 சதவீதம் படிகத்துக்குள் அடைந்த நீர். அதிலும் பாத் பாம் வரும், ஆனால் தாங்கும் சக்தி குறைவு. கடையில் அன்ஹைட்ரஸ், அதாவது நீரில்லாத வகை, என்று கேட்டு வாங்குங்கள்.

இரவெல்லாம் மெல்ல மெல்ல உப்பியிருந்தால் குற்றவாளி காற்று. இங்கே பலர் செய்வது, ஏசி அறையில் நன்றாகச் செய்துவிட்டு, காயட்டும் என்று பால்கனியிலோ ஹாலிலோ வைப்பது. குளிர்ந்த உருண்டை வெளிக்காற்றைத் தொட்டதும் அதன்மேல் ஈரம் படியும். ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்க நினைத்தாலும் இதே கதிதான், எடுத்த நிமிடத்தில் வியர்க்கும். இன்னொரு தவறு ஏசியை நடுராத்திரி அணைத்துவிடுவது. அறை மறுபடி ஈரமாகும்போது உருண்டை அதையெல்லாம் குடித்துவிடும். மின்விசிறி காற்றை நகர்த்துமே தவிர ஈரத்தை எடுக்காது. ஆகவே விசிறிக்குக் கீழே வைத்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

மொட்டை மாடி? வடாம் காயவைக்கும் ஊரில் இந்த யோசனை வராமல் இருக்காது. மே மாத மதிய வெயிலில் காற்று ஓரளவு காய்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் கசியும், வாசனை பறக்கும், நிறம் வெளிறும். மாலையில் கடற்காற்று திரும்பியதும் சேமித்த வறட்சி எல்லாம் போகும். அடுப்பு ஓவனில் காயவைப்பதும் வேண்டாம். சூடு ஏற ஏற ஆப்ப சோடா சலவை சோடாவாக மாறத் தொடங்கும், நீரையும் விடும்.

சரி, என்னதான் செய்வது? செய்த இரண்டு மூன்று மணி நேரம் ஏசி ஓடும் அறையிலேயே விடுங்கள், ஐபிஏ பறந்து போகும். அப்புறம் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அடியில் சிலிக்கா ஜெல் பைகளைப் பரப்பி, மேலே டிஷ்யூ போட்டு, உருண்டைகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மூடியை அழுத்தாமல் மேலே வைத்துவிடுங்கள். மறுநாள் கல்லாக இறுகியிருக்கும். நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அது நிறைய ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். ஏசி இல்லாத வீட்டில் ஈரம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுத்து, எடுத்த பத்தாவது நிமிடமே இந்த டப்பாவுக்கு மாற்றிவிடலாம். ஆல்கஹால் வாடை போக ஒருநாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பரு மட்டும் வருகிறதென்றால் கலக்கும் முறையைப் பாருங்கள். சோடாவில் கட்டி இருந்திருக்கும், மாவு சலிக்கும் சல்லடையில் எல்லாவற்றையும் சலியுங்கள். வாசனை எண்ணெயை ஒரே இடத்தில் ஊற்றியிருப்பீர்கள். முதலில் அதைச் சோள மாவில் பிசைந்து, பிறகு அந்த மாவைச் சோடாவோடு சேருங்கள். ஆசிட் கடைசியில் வரட்டும். ஸ்ப்ரே பாட்டில் சொட்டுச் சொட்டாகத் துப்பினால் ஒவ்வொரு சொட்டும் ஒரு பரு. அழகுக்கென்று மேலே கல்லுப்பு பதிப்பவர்கள் மழைக்காலத்தில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். கல்லுப்பு சுற்றிலும் ஈரத்தை இழுத்துத் தன்னடியில் ஒரு குழி தோண்டும்.

விரிசல்

எடுத்த சில நிமிடத்தில் விட்டால் பதம் காய்ந்தது, அல்லது பாதிகளைச் சமமாக அழுத்தவில்லை. மறுநாள் விட்டால் உள்ளே உப்பல், மேலே உள்ள பகுதியைப் படியுங்கள். இணைப்புக் கோட்டில் மட்டும் பிளந்தால் ஒரு பாதியை நிரப்பிவிட்டு மற்றதை நிரப்பத் தாமதித்திருக்கிறீர்கள்.

காய்ந்தும் மெத்தென்று இருக்கிறது, விரல் பதிகிறது

எண்ணெயும் வெயிலும் சேர்ந்த கூட்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். மார்கழி விடியற்காலை தவிர மற்ற நாளெல்லாம் சென்னையில் அது திரவம்தான். “எண்ணெய் உறைந்ததும் உருண்டை இறுகும்” என்று எழுதிய குறிப்பு நமக்குப் பயன்படாது. கோகோ பட்டர் 34 முதல் 38 டிகிரிக்குள் உருகும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40ஐத் தொடும்போது ஏசி இல்லாத அறையில் அதுவும் இளகிவிடும். கொழுப்பு சேர்த்தே ஆக வேண்டுமென்றால் கோகம் பட்டர் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். என் யோசனை, கொழுப்பையே குறையுங்கள். 200 கிராம் சோடாவுக்கு 10 மில்லியைத் தாண்டாதீர்கள், மே மாதத்தில் 6 போதும். இறுக்கம் கூட்ட ஒரு டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார் சேர்க்கலாம், கேக் சாமான் விற்கும் கடையில் இருக்கும்.

எப்சம் உப்பு சேர்த்திருக்கிறீர்களா? அதன் எடையில் பாதிக்கு மேல், 51 சதவீதம், படிக நீர். பார்க்கக் காய்ந்த உப்பாகத் தெரியும். கால் வலிக்கு எப்சம் வேண்டுமென்பவர்கள் அதைத் தனியாகத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம், உருண்டைக்குள் திணிக்க வேண்டியதில்லை. மாவில் மாற்றம் செய்திருந்தாலும் கவனியுங்கள். மைதா ஈரத்தில் பசையாகும். மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு வேறு, கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை ஸ்டார்ச் வேறு. நமக்கு வேண்டியது வெள்ளை. இல்லாவிட்டால் கூவைக்கிழங்கு மாவு நன்றாகவே வேலை செய்யும்.

தண்ணீரில் போட்டால் பேசாமல் கிடக்கிறது

ஒன்று, வினை ஏற்கெனவே முடிந்துவிட்டது. உப்பிச் சுருங்கிய உருண்டையில் வாயு எல்லாம் போயிருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இரண்டு, பொருள் தவறு.

பொருளைச் சோதிப்பது சுலபம். ஒரு ஸ்பூன் சோடாவில் வினிகர் சொட்டுங்கள், சீறினால் சரி. ஆசிடைச் சோதிக்க, நல்லதென்று தெரிந்த சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதில் போடுங்கள். பேக்கிங் பவுடரை வாங்கிவந்து சோடா என்று நினைப்பது அடிக்கடி நடக்கிறது. அதில் மாவும் வேறோர் அமிலமும் முன்பே கலந்திருக்கும், கணக்கு எல்லாம் குழம்பும்.

சலவை சோடா கதை இன்னும் மோசம். பெயரில் சோடா இருப்பதால் அவசரத்தில் மாறிப்போகும். அதுவும் ஆசிடோடு சீறத்தான் செய்யும், வினிகர் சோதனை கண்டுபிடிக்காது. கரைசலில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். சலவை சோடா என்றால் ஆரத்தித் தண்ணீரைப் போல் பளிச்சென்று சிவக்கும், ஆப்ப சோடா என்றால் லேசாகத்தான் மாறும். சலவை சோடா தோலுக்கு ஆகாது, பாத் பாமுக்குள் போகவே கூடாது.

பொருள் சரி, அளவும் சரி, ஆனாலும் சோம்பலாகக் கரைகிறது என்றால் எண்ணெய் துகள்களைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருக்கும். அல்லது தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி. மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே போதிய சூடு. மார்கழிக் காலை என்றால் கொஞ்சம் வெந்நீர் விளாவுங்கள்.

எவ்வளவு நுரை எதிர்பார்க்கலாம்? மேலே சொன்ன அளவில் 35 கிராம் உருண்டையில் சிட்ரிக் ஆசிட் சுமார் 10 கிராம் இருக்கும். அது முழுவதும் வினைபுரிந்தால் ஏறக்குறைய 4 லிட்டர் வாயு. பக்கெட்டில் இரண்டு நிமிடம் கண்ணுக்குக் காட்சி கிடைக்கும். வீடியோவில் வருவதுபோல் தண்ணீர் முழுக்க வெண்நுரை மெத்தை வேண்டுமென்றால் அதற்கு வேறு நுரைப் பொருள் சேர்த்திருப்பார்கள், சோடாவால் மட்டும் வராது.

கண் சிமிட்டுவதற்குள் கரைந்துவிடுகிறது

தளர்வாகப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது சோள மாவு குறைவு. 10 கிராம் கூட்டுங்கள். அடியில் மூழ்கியே கிடந்தால் அழுத்தம் அதிகம். பக்கெட்டில் அதைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை.

நிறம் மாறிவிட்டது

இயற்கை நிறம் போடுபவர்களின் தலைவலி. நாட்டு மருந்துக் கடைக்குப் போய் கஸ்தூரி மஞ்சள், செம்பருத்திப் பொடி, சங்குப்பூ என்று ஆசையாக வாங்கிவருவோம். இவை எல்லாமே அமிலம் கண்டால் ஒரு நிறம், காரம் கண்டால் இன்னொரு நிறம் காட்டுபவை. பாத் பாமோ அமிலமும் காரமும் ஒரே உருண்டையில்.

சமையல் மஞ்சள் காய்ந்த கலவையில் அழகாக மஞ்சளாகவே இருக்கும். ஈரம் பட்ட இடத்தில் சோடாவோடு சேர்ந்து செம்பழுப்பாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதும் இதே விளைவுதான். எனவே மஞ்சள் உருண்டையில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் நிறம் கெட்டது என்பதைவிட, எங்கெங்கே ஈரம் புகுந்தது என்று படம் போட்டுக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பரு வருவதற்கு முன்பே இந்தப் புள்ளி வந்துவிடும். சோதனைக்காகவே ஒரு உருண்டையில் மஞ்சள் சேர்த்துப் பார்க்கலாம், மோசமான யோசனை இல்லை. குளிக்கிற தண்ணீருக்கு என்றால் மக், துண்டு எல்லாவற்றிலும் கறை தங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

செம்பருத்தி ஆசிட் பக்கம் சிவந்து, சோடா பக்கம் நீலமும் பச்சையும் கலந்த சாம்பலாகும். எங்கள் அளவில் கரைந்த பிறகும் சோடா மிஞ்சும்: 100 கிராம் ஆசிட் தீர 131 கிராம் சோடா போதும், நாம் போடுவது 200. மிச்சமுள்ள சோடா தண்ணீரை லேசாகக் காரமாக வைத்திருக்கும். அதனால் பக்கெட்டில் ரோஜா நிறம் எதிர்பார்த்துச் செம்பருத்தி போட்டால் ஏமாற்றம் நிச்சயம். சங்குப்பூ நீலம் பரவாயில்லை, பச்சைப் பக்கம் கொஞ்சம் சாயும். பீட்ரூட் பொடி சில வாரத்தில் பழுப்பாகிவிடும்.

நிற்கும் நிறம் வேண்டுமென்றால் அழகுசாதனத் தர மைக்கா அல்லது இரும்பு ஆக்சைடு வாங்குங்கள், கால் டீஸ்பூன் தாராளம். கேசரிப் பொடி காய்ந்த கலவையில் வெளிறித் தெரியும், தண்ணீரில் போட்டதும்தான் விரியும். போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டினால் கால் இரண்டு நாளைக்கு ஆரஞ்சு. கோலப்பொடி நிறம் வேண்டாம், அது தோலுக்காகச் செய்தது இல்லை.

வெள்ளை உருண்டை சில நாளில் தானாகப் பழுப்பானால் வாசனையில் வெனிலா இருக்கிறதா பாருங்கள். வெனிலின் உள்ள எண்ணெய்கள் அப்படித்தான் செய்யும். உபயோகிப்பதில் தடையில்லை.

வாசனையே இல்லை

திறந்துவைத்துக் காயப்போட்டால் பறந்துவிடும், டப்பா முறைக்கு மாறுங்கள். அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலைச் சுடும். நீலகிரித் தைலமும் கற்பூரமும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டியவை. மல்லிகை வேண்டுமென்றால் எண்ணெய் வடிவில் வாங்குங்கள். சரத்திலிருந்து உதிர்த்த பூவை உள்ளே வைத்தால் அது ஈரம்.

சுற்றிவைத்த பொட்டலம் உப்பியிருக்கிறது

முழுதாகக் காயும் முன் கட்டிவிட்டீர்கள். உள்ளே வினை நடந்து வாயு சேர்ந்திருக்கிறது. கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடியிருந்தால் முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதீர்கள். கொலுவுக்கு வருபவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கச் செய்பவர்கள் நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பே செய்து, சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்திருந்து, கடைசி நாளில் கட்டினால் இந்தப் பிரச்சினை வராது. விற்பனைக்குச் செய்வது வேறு விஷயம். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி அதற்கு உற்பத்தி உரிமம் வேண்டும்.

தோல் எரிகிறது, தண்ணீர்மேல் படலம், தரை வழுக்குகிறது

எரிச்சல் என்றால் ஆசிட் அளவு கூடியிருக்கிறதா பாருங்கள், கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். கரையாத ஆசிட் துகள் வெடித்த குதிகாலில் பட்டால் சுள்ளென்று இருக்கும், உருண்டை முழுக்கக் கரைந்த பிறகு காலை வையுங்கள். படை, சிரங்கு, சவரம் செய்த தோல் என்றால் அன்று வேண்டாம். கடைசியில் இரண்டு மக் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

மேலே வெள்ளைப் படலம் மிதந்தால், சோப்பும் போட்டீர்களா என்று யோசியுங்கள். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து அந்தத் திரையைத் தரும், பாத் பாமுக்குச் சம்பந்தமில்லை. மெட்ரோ வாட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சோப்புப் போடாமலே கண்ணாடிபோல் எண்ணெய் மினுங்கினால் எண்ணெயைக் குறையுங்கள், அல்லது 10 மில்லி எண்ணெய்க்குச் சுமார் 3 மில்லி பாலிசார்பேட் 80 என்ற கலப்பான் திரவத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும்.

எண்ணெய்த் தண்ணீரை டைல்ஸ் தரையில் ஊற்றிய பிறகு அடுத்து உள்ளே போவது வீட்டுப் பெரியவராக இருக்கலாம். சோப்புத்தூள் கொஞ்சம் தூவி துடைப்பத்தால் ஒரு தேய் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ரோஜா இதழ் போட்டிருந்தால் ஊற்றுவதற்கு முன் வடிகட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள், குளியலறை ஜல்லடையில் அடைத்துக்கொண்டால் பிளம்பர் வந்து அதை எடுப்பதற்கு ஆகும் செலவில் ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட் வாங்கிவிடலாம்.